அகலம் இல்லாத எழுத்து

‘கண்ணுறங்கு’ என்ற ஒரே ஒரு சொல்லை ஐந்து கோடுகளுக்குக் கீழே சரியாக உட்கார வைக்க எனக்கு மூன்று ராத்திரி ஆனது. நான் தொழிலால் சோதனைப் பொறியாளன். பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று தாழ்குரல் பாடுகிறேன். குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற சீன இசையாசிரியர். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்குமே அவர் ‘லாவ்ஷி’தான்.

போன வருஷக் கடைசி நிகழ்ச்சிக்கு ஒரு தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றார் லாவ்ஷி. சினிமாப் பாட்டு வேண்டாம், உங்க வீட்டுப் பாட்டு ஏதாவது இருக்கா என்று கேட்டார். அம்மா அக்கா குழந்தைக்குப் பாடுகிற தாலாட்டை நான் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதைக் கேட்டு, பென்சிலால் நாலு குரலுக்கும் பிரித்து எழுதினார். தமிழ் தெரியாததால் சொற்களுக்கு இடம் விட்டுவிட்டு, சுரங்களை மட்டும் எழுதியிருந்தார். ‘நீ கணினிக்காரன்தானே, அச்சுக்குத் தயார் பண்ணு’ என்று என் கையில் கொடுத்தார். அப்படித்தான் லில்லிபாண்டுக்கு வந்தேன்.

தெரியாதவர்களுக்காக: லில்லிபாண்ட் ஒரு இசையச்சு மென்பொருள். 1996-இல் ஹான்-வென் நீன்ஹௌஸ், யான் நியூவென்ஹைசன் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் ஆரம்பித்தது. இன்றைக்கும் இலவசம், திறந்த மூலம். இதில் எலியைப் பிடித்து இழுத்து சுரத்தைக் கோட்டில் வைக்கிற வேலை கிடையாது. வெறும் எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும். இந்தச் சுரம், இவ்வளவு நீளம், இதன் கீழே இந்தச் சொல் என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால், அது படித்துவிட்டுப் பக்கத்தை வரைந்து தரும். நிரல் எழுதுகிறவனுக்கு இது வீட்டுக்குத் திரும்பிய மாதிரி. ஆனால் இந்தக் கட்டுரை மென்பொருள் அறிமுகம் இல்லை. ஒரு இசைத்தாளில் எழுத்து எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது என்பதைப் படித்துப் பார்க்கிற முயற்சி. எனக்கு அது ஒரு இலக்கியக் கேள்வியாகவே ஆகிவிட்டது.

*

லில்லிபாண்டில் எழுத்தைச் சேர்க்க முக்கியமாக இரண்டு வழிகள்.

ஒன்று, சுரத்தின் தலையிலோ காலடியிலோ ஒட்டவைக்கிற குறிப்பு. ‘மெதுவாக’, ‘கனிவாக’, ‘இங்கே மூச்சு விடு’ மாதிரி. சுரத்தை எழுதி, பக்கத்தில் ஒரு கூரைக்குறியும் மேற்கோள்குறிக்குள் சொல்லும் போட்டால் மேலே வரும். கூரைக்குறிக்குப் பதில் அடிக்கோடு போட்டால் கீழே வரும். சாய்வெழுத்து, தடித்த எழுத்து, பத்தி என்று அலங்காரம் வேண்டுமென்றால் ‘மார்க்கப்’ என்ற கட்டளை இருக்கிறது.

இன்னொன்று, பாடல் வரி. இதைத் தனி வரியாக எழுதி, எந்தக் குரலுக்குச் சொந்தம் என்று சொல்லிவிட வேண்டும். சுரத்துக்கு ஓர் அசைத்துண்டு என்று எடுத்து அதுவே அடியில் வைத்துக்கொண்டு போகும். ஒரு சொல்லை உடைக்க இரண்டு சிறுகோடு, இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு. அந்த இடைவெளியை மறந்தால் முழுச் சொல்லும் கட்டியாக ஒரே சுரத்தின் கீழே போய் விழும். அதற்குப் பிறகு வருகிற எல்லாச் சொல்லும் தன் இடத்தை விட்டு முன்னால் நகர்ந்துவிடும். முதல் ராத்திரி முழுக்க எனக்கு இதுதான் நடந்தது.

இரண்டு வழிக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருக்கிறது. கையேட்டில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயம்தான், என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது. பாடல் வரிக்கு அகலம் உண்டு. சொல் நீளமாக இருந்தால் சுரங்கள் ஒன்றையொன்று விட்டுத் தள்ளி நின்று வழிவிடும். ஒட்டவைக்கிற குறிப்புக்கு அகலம் கிடையாது. நீங்கள் ஒரு சுரத்தின் தலையில் ஒரு முழு வாக்கியத்தையே எழுதினாலும் கீழே சுரங்கள் அசையாது. எழுத்துதான் மோதாமல் மேலே ஏறிக்கொள்ளும். அகலம் வேண்டுமென்றால் ‘டெக்ஸ்ட்லெங்த்ஆன்’ என்று தனியாகக் கட்டளை போட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லுக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்கிற மென்பொருளைப் படிக்கிறவனுக்கு எப்படிப் பிடிக்கும்? யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இசைத்தாளில் இடமிருந்து வலம் என்பது வெறும் தூரம் இல்லை, அது நேரம். அகலம் இருக்கிற எழுத்து, பாட்டில் நேரம் எடுத்துக்கொள்கிற எழுத்து. அகலம் இல்லாததை யாரும் உச்சரிப்பதில்லை. பாடுகிறவனின் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அடுத்த சுரத்தின் நிறத்தை மட்டும் மாற்றிவிடும்.

இதை வைத்துப் பழைய இசைத்தாள்களைத் திரும்பப் பார்த்தேன். பள்ளியில் பியானோ படித்த காலத்தில் கண்ணில் படாதவை எல்லாம் இப்போது தெரிந்தன.

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாதி. 1890களில் அவர் எழுதிய ‘நோசியென்’ பியானோத் துண்டுகளின் தாளில் பார் கோடுகளே இல்லை. வழக்கமான இத்தாலியச் சொற்களும் அநேகமாக இல்லை. அந்த இடத்தில் பிரெஞ்சில் விசித்திரமான சிறு குறிப்புகள். வாசிக்கிறவனைத் தன்னையே விசாரிக்கச் சொல்கிற மாதிரி. வேகமா மெதுவா, பலமா மென்மையா என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. அவற்றைப் படித்துவிட்டு அடுத்த சுரத்தைத் தொடும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைத்தான் சாதி எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பின்னால் 1914-இல் எழுதிய ஒரு தொகுப்பில், தாளில் இருக்கிற கதைத்துணுக்குகளை வாசிப்பின்போது யாரும் சத்தமாகப் படிக்கக்கூடாது என்று தடையே போட்டுவிட்டார். கேட்கிறவர்களுக்கு அந்த எழுத்து இல்லை. பியானோ முன்னால் உட்கார்ந்த ஒரே ஒரு வாசகருக்கு மட்டும் எழுதப்பட்ட இலக்கியம் அது.

தெபுஸ்ஸி இன்னொரு வழியில் போனார். 1910-இலும் 1913-இலும் வந்த அவருடைய இரண்டு ‘பிரெலூது’ தொகுதிகளில் தலைப்பு மேலே இல்லை. துண்டு முடிந்தபிறகு, அடியில், அடைப்புக்குள், புள்ளிகளோடு. முதலில் கேள், அப்புறம் பெயரைத் தெரிந்துகொள் என்கிற மாதிரி. சிறுகதைக்குத் தலைப்பு வைக்கத் தெரியாமல் திண்டாடுகிற நண்பர்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஷூமான். 1839-இல் வெளிவந்த ‘ஹியூமரெஸ்க’ என்ற பியானோப் படைப்பில் ஓரிடத்தில் வலது கைக்கும் இடது கைக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கோட்டுத்தொகுதி வருகிறது. அதன் பக்கத்தில் ஜெர்மனில் ‘உட்குரல்’ என்று எழுதியிருக்கிறார். அதில் ஒரு மெட்டு இருக்கிறது, ஆனால் வாசிப்பதற்கு இல்லை. வாசிக்கிறவர் அதைப் பார்த்துக்கொண்டே மற்ற இரண்டையும் வாசிக்க வேண்டும். தாளில் இருக்கிறது, காதில் இல்லை. அந்த ஒற்றைச் சொல் இல்லையென்றால் மூன்றாவது கோட்டை என்ன செய்வது என்றே யாருக்கும் விளங்கியிருக்காது.

இந்த மூன்று பேரிடமும் எழுத்து நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே லில்லிபாண்டின் வழக்கம் தப்பில்லை என்று சமாதானமானேன். அகலம் இல்லாத எழுத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் எந்த எழுத்து அகலமில்லாமல் நிற்கலாம் என்பதை யார் முடிவு செய்வது? அந்தக் கேள்வி என் தாலாட்டில்தான் வந்து இடித்தது.

*

‘கண்ணுறங்கு’. யாப்புப்படி அலகிட்டால் கண் / ணுறங் / கு. நேர், நிரை, நேர். கூவிளங்காய். மூன்று அசை. பள்ளியில் தமிழ் இலக்கியப் பாடம் எடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணிவிடுவீர்கள்.

ஆனால் பாடும்போது சுரம் நாலு கேட்கிறது: கண், ணு, றங், கு. நிரையசைக்குள் இரண்டு உயிர் இருப்பதால் அதை இரண்டு சுரமாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. நம்முடைய அசையும் மேலைநாட்டு இசைத்தாள் கேட்கிற துண்டும் ஒன்று இல்லை. இவ்வளவு நாளும் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ‘நிலா’ யாப்பில் ஒரே அசை, பாட்டில் இரண்டு சுரம். ‘மலர்’ அப்படியே.

புள்ளி வைத்த எழுத்து இன்னொரு சிக்கல். கணினி எழுத்தெழுத்தாக உடைத்தால் ‘ண்’ தனியாக ஒரு சுரத்தின் கீழே வந்து உட்காரும். யாராவது அதைப் பாட முயற்சி செய்தால் மூக்கடைத்தவர் மாதிரி இருக்கும். மெய் எப்போதும் முன்னால் வந்த உயிரோடு சேர்ந்தே சுரத்தைப் பகிர வேண்டும். இதை மென்பொருளுக்குச் சொல்லித்தர முடியாது. ஒவ்வொரு சொல்லாக நானே உடைத்தேன்.

நீட்டல் விஷயம்தான் என்னை அசத்தியது. ஒரே உயிரைப் பல சுரத்தில் இழுத்துப் பாடும்போது லில்லிபாண்டில் இரண்டு அடிக்கோடு போடுவோம். தாளில் அது எழுத்துக்குப் பிறகு ஓடுகிற நீளமான கோடாக வரும். இதைத் தட்டும்போது எனக்குச் சட்டென்று அளபெடை ஞாபகம் வந்தது. ‘ஓ’ இன்னும் நீள வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு ‘ஒ’ எழுது. மெய்கூட நீளலாம் என்று ஒற்றளபெடைக்கு இடம் கொடுத்து, எந்தெந்த ஒற்று நீளும் என்று பதினொன்றை எண்ணிச் சொல்கிறது நன்னூல். ஐந்து கோடு இல்லை, கருப்பு வெள்ளைத் தலைகள் இல்லை. எழுத்தின் பக்கத்தில் இன்னோர் எழுத்தை வைத்து நேரத்தைக் குறித்திருக்கிறார்கள். ஐந்தாம் படிவத்தில் இதை மனப்பாடம் செய்தபோது செத்த இலக்கணம் என்றுதான் நினைத்தேன். அது ஒரு இசைக்குறிப்பு முறை என்று யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

*

தமிழ் வரியோடு அச்சிட்டுப் பார்த்தபோது நாலு பக்கப் பாட்டு ஐந்தே கால் பக்கமாகிவிட்டது. காரணம் எளிது. தமிழ் எழுத்து அகலமானது. ‘ணோ’ என்ற ஒற்றை ஒலிக்குக் கொம்பும் காலும் சேர்ந்து மூன்று எழுத்தின் இடம் வேண்டும். பாடல் வரிக்கு அகலம் உண்டு என்பதால் சுரங்கள் மரியாதையாக விலகி நின்றன. விளைவு, பாட்டின் உச்சத்தில் பக்கம் திருப்ப வேண்டிய நிலை.

லாவ்ஷி தாளைப் பார்த்தார். ‘அழகா இருக்கு. ஆனா யார் படிப்பாங்க? ரோமன் எழுத்தில போட்டுடு. தமிழைக் கடைசிப் பக்கத்தில மொத்தமா போடு, பார்க்க நல்லா இருக்கும்’ என்றார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. எங்கள் குழுவில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தமிழர்கள். அதில் தமிழைத் தடுமாறாமல் படிக்கிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். அவர் சொன்னது நடைமுறை.

வீட்டுக்கு வந்து ரோமன் வரியைப் போட்டேன். நாலு பக்கத்தில் கச்சிதமாக அடங்கியது. தமிழைக் கடைசிப் பக்கத்தில் ஒரு ‘மார்க்கப்’ பத்தியாக வைத்தேன். ஒரு நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் இப்போது அகலம் இல்லாத எழுத்தாகிவிட்டது. பாட்டில் நேரம் எடுத்துக்கொள்ளாத எழுத்து. சாதி தன் குறிப்புகளை அங்கே வைத்தது அவர் விருப்பம். இங்கே ஒரு தமிழ்த் தாலாட்டில் தமிழே அலங்காரமாகப் பின்பக்கம் போயிருந்தது. அதை வைத்தவன் நான்.

ஆனாலும் கோபத்தில் எழுதுகிற விமர்சனம் நிற்காது என்பதால், ரோமன் வரியில் உண்மையிலேயே என்ன குறைகிறது என்று பார்க்க நினைத்தேன். ண, ன, ந மூன்றும் ஒரே எழுத்து. ல, ள இரண்டும் ஒன்று. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த புகார், பயிற்சியில் சொல்லிக்கொடுத்துச் சமாளிக்கலாம். பெரிய விஷயம் வேறொன்றில் இருந்தது. தமிழ் வரி இருந்த பழைய தாளையும் ரோமன் தாளையும் பக்கத்தில் வைத்தபோது எட்டாவது பாரில் கண்ணில் பட்டது. ‘ணு’ குறில். அதன் தலையில் லாவ்ஷி வைத்திருந்தது வெள்ளைத் தலைச் சுரம், இரண்டு முழு எண்ணிக்கை. ரோமன் வரியில் அது வெறும் ஓர் எழுத்து, குறிலா நெடிலா என்று காட்டிக்கொள்வதில்லை. தமிழில் பார்த்தால் குறில் தன் சக்திக்கு மீறின சுமையைத் தூக்கிக்கொண்டு நிற்பது அப்பட்டமாகத் தெரிகிறது.

போன பயிற்சியின் பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தவர் நிமிர்ந்து, ‘என்னடா இது, குழந்தையைத் தூங்கச் சொல்றீங்களா, கண்ணூறு கழிக்கிறீங்களா?’ என்றார். உண்மைதான். ‘ணு’வை இழுத்தால் ‘கண்ணூறு’ என்றுதான் காதில் விழுகிறது. நாலு குரலிலும் சுத்தமான சுருதியில் ஒரு குழந்தைக்குத் திருஷ்டியைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தோம். தமிழர்கள் பாதிப் பேர் இருந்தும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். நாங்கள் ரோமன் எழுத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தோம்.

அதோடு நின்றிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். கடைசி ‘கு’வையும் பிடித்தேன். அது குற்றியலுகரம். அரை மாத்திரை. அதை வைத்து நாலு எண்ணிக்கை இழுக்கிறோமே, இதுவும் தப்புதானே என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தானே பாடிக் காட்டினார். கடைசியில் ‘கூ’ என்று மூச்சு முடியும்வரை இழுத்தார், லாவ்ஷி எழுதியதைவிட நீளமாக. அவர் அந்த ஒற்றை ஒலியைத் தொட்டிலின் ஆட்டத்துக்குக் கொடுத்திருந்தார். இலக்கணம் தெரியாமல் பாடுகிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு யோசித்தேன். இன்னிசை அளபெடையில் குறிலே நெடிலாகி அளபெடுக்கலாம் என்று அதே இலக்கணம் இடம் கொடுக்கிறது. நீட்டாதே என்று அது சொல்லவில்லை. நீட்டினால் எழுதிக் காட்டு என்கிறது.

ஆக லாவ்ஷியின் இரண்டு நீட்டலில் ஒன்று அம்மாவின் பாட்டிலேயே இருக்கிறது, இன்னொன்று இல்லை. எது எது என்று தமிழ் எழுத்து கண்முன்னால் இருந்தால்தான் கேள்வியே எழுகிறது. சுரத்துக்கு அடியில் இருக்கிற வரி பாடுகிறவருக்கு உதவி மட்டும் இல்லை, இசையமைத்தவருக்கு விமர்சனமும்கூட. அதைக் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பினால் விமர்சகரை வெளியே அனுப்பிவிட்டோம் என்று அர்த்தம்.

*

லாவ்ஷியிடம் இதைச் சொன்னேன். எட்டாவது பாரை அவரே பியானோவில் இரண்டு விதமாக வாசித்துப் பார்த்துவிட்டு, வெள்ளைச் சுரத்தை ‘றங்’குக்கு மாற்றினார். அது ஒற்றோடு வருகிற அசை, தாங்கும். தமிழ் வரியைப் பற்றி, ‘நாலு பக்கத்தில அடக்கினா வச்சுக்கோ’ என்றார்.

லில்லிபாண்டின் வழக்கமான கோட்டுத்தொகுதி அளவு 20 புள்ளி. அதை 17 ஆக்கினேன். தமிழ் மேலே, ரோமன் அதற்குக் கீழே கொஞ்சம் சின்னதாக. நாலு பக்கத்தில் அடங்கியது, ஆனால் நெருக்கம். லில்லிபாண்டைச் செய்தவர்கள் ஒரு கட்டுரையில் 1950-இல் கையால் செதுக்கி அச்சிட்ட பாக்கின் செல்லோ தொகுப்பையும் 2000-இல் கணினியில் வந்த பதிப்பையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, பழையதில் இருக்கிற உயிர்ப்பைத்தான் தேடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். என் தாளில் அந்த உயிர்ப்பு இல்லை. பயணிகள் பேருந்து மாதிரி எல்லாரும் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வயதான இரண்டு பாடகர்கள் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று குறைப்பட்டார்கள். அவர்களுக்கு மட்டும் பெரிய தாளில் நகல் எடுத்துக் கொடுத்தேன். இதை வெற்றி என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்கள் நிகழ்ச்சி வரைக்கும் கீழே இருக்கிற ரோமன் வரியைத்தான் பார்த்துப் பாடினார்கள்.

ஒரு பயிற்சியில் இரண்டாம் குரல் வரிசையில் இருக்கிற சீனப் பெண் ஒருவர் கேட்டார்: ‘மேல் வரியில புள்ளி வச்ச எழுத்து நிறைய இருக்கே. ஒண்ணுகூட ஏன் தனியா ஒரு நோட்டுக்குக் கீழ வரல?’ தமிழ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவர், வெறும் கண்ணால் பார்த்தே மெய்யெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அரை மணி நேரம் அவருக்கு விளக்கினேன். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண், பதினெட்டு வயசு இருக்கும், ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் தாள் கீழே விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன். எட்டாவது பாரின் மேலே பென்சிலில் ஒரு ‘ணு’ எழுதி வட்டம் போட்டிருந்தார். கோணல்மாணலாக, சுழி ஒன்று அதிகமாக.

‘சரியா அண்ணா?’ என்றார்.

சுழியை எண்ணிக் காட்டினேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.